வலது ஓரத்தில் ஓர் 'இல்லை'

ஜனவரி 10

அண்ணி,

'அன்புள்ள' என்று தொடங்கவில்லை. விடுபட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள் நான். எதை விட்டேன், எதை எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்பது நாள் ஆகிறது. நீங்கள் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் தம்பியிடம் கேட்டால், "அக்காவுக்கு கிளினிக்ல வேலை ஜாஸ்தி, பாவம்" என்கிறார். பாவம் யார் என்று கட்டிய புருஷனுக்கே பிடிபடாத வீட்டில் எனக்கு என்ன வேலை? பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு எதிரே ஒரு மாடி அறைக்கு வந்துவிட்டேன்.

என் பார்வை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கண்ணில் ஒரு குறையும் கிடையாது. மூளையின் பின்பக்கம் ரத்தம் உறைந்து ஒரு சின்ன இடம் செத்துப்போனது. அதனால் இரண்டு கண்ணுக்கும் வலது பாதி போயிற்று. இருட்டாகத் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருட்டுகூடத் தெரிவதில்லை. பாப்பா என் வலப்பக்கம் நின்றால், அவள் வாயைத் திறக்கும்வரை எனக்கு அவள் கிடையாது.

இதில் என் தொழிலுக்கு விழுந்த அடியைக் கேளுங்கள். தமிழில் 'இல்லை', 'கூடாது', 'மாட்டேன்' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் போய்த்தான் உட்காரும். எனக்கு வரியின் கடைசி தெரிவதில்லை. மருந்துப் பொடியைக் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது என்று ஒரு வரி. அச்சுக் கோத்ததில் 'கூடாது' விடுபட்டுப்போனது. நான் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எனக்கு எல்லா வரியும் அப்படித்தான் முடிகிறது. முதலாளி நல்ல மனிதர், துரத்திவிடவில்லை. பக்கம் அடுக்குகிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் காலையில் கண் விழித்ததும் நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பார்த்து, கட்டத்தாளில் புள்ளி வைத்துக் குடும்பம் நடத்தியவள் நான். சூடு ஏறி மூன்று நாள் நின்றால் பச்சைப் புள்ளி, அதுவரை சிவப்புப் புள்ளி. சிவப்பு நாளில் தள்ளிப் படுக்க வேண்டும். கிளினிக் சிஸ்டர் என்ற முறையில் நீங்கள்தான் அதை விட்டுவிடச் சொல்லிக் கருத்தடை மாத்திரை கொடுத்தீர்கள். மூன்றாவது மாதம் உங்கள் முன்னால் உட்கார்ந்து, "தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல ரம்பப்பல்லு மாதிரி ஏதோ மின்னுது அண்ணி, இருபது நிமிஷம் அப்படியே நிக்குது" என்றேன். சிரித்தீர்கள். "நாள் பூரா எழுத்தையே முறைச்சுப் பாக்குற கண்ணு, மின்னாம என்ன செய்யும்?" என்றீர்கள். ஐந்தாவது மாதம் அச்சக நாற்காலியிலேயே சாய்ந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: "இந்த மாத்திரை லட்சம் பேருக்கு ஒத்துக்கும்மா. கண்ணுல ஒளி வந்து தலைவலிக்கிறவங்களுக்கு மட்டும் தரவே கூடாது. உங்களைக் கேக்கலையா?" உங்கள் கிளினிக்கிலிருந்து என் அட்டையை வரவழைத்துக் காட்டினார். 'தலைவலிக்கு முன் கண்ணில் ஒளி தெரிவது உண்டா?' என்று ஒரு கட்டம். அதில் அந்த மூன்றாவது மாதத் தேதியோடு, உங்கள் குண்டு குண்டு எழுத்தில் 'இல்லை'.

எனக்கு வேண்டியது ஒரு வரி. உங்கள் கைப்பட. 'அவள் சொன்னாள், நான் இல்லை என்று எழுதினேன்.' அதை எழுதும்வரை உங்களை விடமாட்டேன்.

உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 17

பூதக்கண்ணாடி அம்மாவுக்கு,

உனக்கு இந்தப் பெயரை வைத்தது நான்தான். என் மகனின் கல்யாணப் பத்திரிகையிலேயே தப்பு கண்டுபிடித்தவளாயிற்றே நீ. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு என்மேலேயே அந்தக் கண்ணாடியைத் திருப்பியிருக்கிறாய்.

உனக்கு வந்த கஷ்டத்துக்கு நான் அழவில்லை என்றா நினைக்கிறாய்? வரவில்லைதான். வந்து உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதை விடு. ஆனால் நீ எழுதியிருக்கிற தோரணை இருக்கிறதே, ஒரு கொலைகாரிக்கு எழுதுகிற மாதிரி! இருபத்தாறு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டே போனவளை நான் பார்த்திருக்கிறேன், நீ பார்த்ததில்லை. அவளுக்கெல்லாம் இந்த மாத்திரை கிடைத்திருந்தால் இன்று உயிரோடு இருப்பாள். புருஷன் குடித்துவிட்டு வருகிறவளிடம் போய்ச் சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி என்று பாடம் நடத்த முடியுமா? சொன்ன பேச்சைக் கேட்கிற புருஷன் வாய்த்தவளுக்குத்தான் உன் கட்டத்தாள்.

அந்தத் தாள் உன்னைக் கைவிட்டது உனக்கு மறந்துபோயிற்றா? காய்ச்சலில் ஏறிய சூட்டைக் கருமுட்டை வந்துபோன சூடு என்று எண்ணிப் பச்சைப் புள்ளி வைத்தாய். மாதவிலக்கு பன்னிரண்டு நாள் தள்ளிப்போய்த்தான் வந்தது. என் வீட்டு வாசலில் வந்து நின்று, "இன்னொண்ணு என்னால முடியாது அண்ணி, பாப்பா பிறந்தப்பவே செத்துப் பொழைச்சேன்" என்று விக்கி விக்கி அழுதது யார்? அன்றைக்கு உன் தலையைத் தடவிக் கொடுத்தது இதே கைதான்.

நீ கண்ணில் மின்னுகிறது என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று எழுதி வைத்தா கும்பிட முடியும்?

உன் டாக்டர் கிளப்பிவிட்டதில் கிளினிக்கில் விசாரணை வைத்திருக்கிறார்கள், பிப்ரவரி பதினான்கு. உன்னை நேரில் வரச் சொல்லி அலைக்கழிக்க வேண்டாம் என்று நானே ஒரு வாக்குமூலம் டைப் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். பதினோரு வரிதான். எதையும் மறைக்கவில்லை, நடந்தது நடந்தபடி இருக்கிறது. படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. குடும்பத்து விஷயம் குடும்பத்தோடு போகட்டும்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணி


ஜனவரி 25

அண்ணி,

வாக்குமூலத்தைப் படித்தேன். இப்போது நான் எப்படிப் படிக்கிறேன் தெரியுமா? பயிற்சி கொடுக்கிற அம்மாள் சொல்லிக்கொடுத்த வழி. தாளின் வலது விளிம்பில் ஒரு சிவப்பு ஸ்கேலை நிற்க வைப்பேன். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போவேன். ஒரு வரிக்கு முன்பு எடுத்ததைப் போல நாலு மடங்கு நேரம் ஆகிறது. ஆனால் கடைசிவரை போய்விடுவேன். இது உங்களுக்குத் தெரியாது. முதல் கடிதத்தில் எழுத விட்டுப்போயிற்று.

மூன்றாவது வரி: 'ஒளி தெரிவதாக நான் அவரிடம் முன்பே கூறியது'. சரிதான் என்று தோன்றும். தலையைத் திருப்பினேன். நாலு விரல் இடைவெளி. அதற்கு அப்பால், ஓரத்தை ஒட்டி, 'இல்லை'.

ஏழாவது வரி: 'அவர் என்னிடம் எல்லாக் கேள்விகளையும் கேட்டார், நான் எதையும் மறைக்காமல் சொல்ல'. ஓரத்தில் 'வில்லை'.

பதினோரு வரியில் நாலு மறுப்பு. நாலும் வலது ஓரத்தில், நாலும் மற்ற எழுத்தை விட்டுத் தள்ளி. பதினோரு வருடத்தில் நான் பார்த்த எந்தத் தட்டச்சுத் தாளும் தானாக இப்படி விழுந்ததில்லை. என் புண் எங்கே இருக்கிறது என்று நானே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அந்த இடமாகப் பார்த்து விரலை விட்டிருக்கிறீர்கள். மாத்திரை கொடுத்தது கவனக்குறைவு என்று நேற்றுவரை என் மனதின் ஒரு மூலை உங்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தது. அந்த மூலையை நீங்களே அடைத்துவிட்டீர்கள். இன்று காலையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார்.

ஞாபகம் இல்லை என்கிறீர்கள். ஞாபகப்படுத்துகிறேன். மாத்திரை தொடங்கிய பிறகும் பழக்க தோஷத்தில் நான் கட்டத்தாளை விடவில்லை. சூட்டில் ஏற்ற இறக்கம் இல்லை, வெறும் தட்டையான கோடுதான். ஆனால் கீழே 'குறிப்பு' என்று ஒரு வரிசை உண்டு. காய்ச்சல், தூக்கமின்மை எல்லாம் அதில் எழுத வேண்டும். அதில் எட்டாம் தேதி, பத்தொன்பதாம் தேதி, இருபத்தேழாம் தேதி, மூன்று இடத்தில் 'கண்ணில் ஒளி, பிறகு தலைவலி' என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை உங்கள் மேஜைமேல் விரித்துக் காட்டினேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு இழுத்து, 'இனி இது தேவையில்லை' என்று எழுதி, தமாஷுக்கு ஆபீஸ் பைலில் போடுவதைப் போலக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பித் தந்தீர்கள். அந்தக் கோடு மூன்று குறிப்பின் மேலேயும் போகிறது. படிக்காமல் கோடு போட்டேன் என்று சொன்னாலும் உங்களுக்கு மானக்கேடு, படித்துவிட்டுப் போட்டேன் என்றாலும் மானக்கேடு.

தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பதினான்காம் தேதி அதோடு நேரில் வருகிறேன். உங்கள் பதினோரு வரியையும் கொண்டுவருவேன். அலைச்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.


பிப்ரவரி 2

என் தங்கமே,

இதைக் கையால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

டைப் அடித்த தாளைப் பற்றி என்னைக் கேட்காதே. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நானே என் முகத்தில் விழிக்க முடியாது.

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ சொன்னாய். காதில் விழுந்தது. கண்ணில் ரம்பப்பல் என்று நீ சொன்ன அந்த வார்த்தைகூட ஞாபகம் இருக்கிறது. பயிற்சியில் படித்ததுதான், எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் 'ஆம்' என்று எழுதினால் மாத்திரையை நிறுத்த வேண்டும். காப்பர்-டி போடலாமா என்று டாக்டரிடம் அனுப்ப வேண்டும், உன்னைப் புதிதாகத் தயார்ப்படுத்த வேண்டும். அதற்குள் நீ மறுபடியும் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துவிடுவாய். அது நடக்கக் கூடாது என்று எனக்கு.

ஏன் என்று கேட்பாய். தம்பி வந்து அழுதான். ஆம், உன் புருஷன்தான். "அக்கா, மாசத்துல பாதி நாள் சிவப்புப் புள்ளி. காலண்டரைப் பாத்துட்டுத்தான் பக்கத்துல உக்கார வேண்டியிருக்கு. நீ சொன்னா அவ கேப்பா. எப்படியாவது அந்தத் தாளை ஒழிச்சுக் கட்டு" என்றான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. உன் காய்ச்சல் விவகாரம் நடந்து நீயே அழுதுகொண்டு வந்து நின்றபோது, நல்ல சமயம் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த மாதம் எனக்கு மேற்பார்வை சிஸ்டர் பதவி வர இருக்கிறது. அந்தக் கட்டத்தாளை நீ காட்டினால் பதவி மட்டும் இல்லை, இருபத்தாறு வருடத்துப் பெயரும் போய்விடும். தெருவில் என்னைப் பார்த்து "பெரிய சிஸ்டர்" என்று கைகூப்புகிற பெண்கள் எல்லாம் என் அட்டைகளைத் திருப்பிப் பார்ப்பார்கள். உன்னை ஆயுசுக்கும் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவை நான் வளர்க்கிறேன். தாளை மட்டும் கொடுத்துவிடு.

தம்பியிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அண்ணி


பிப்ரவரி 9

அண்ணி,

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், கைப்பட, தேதியோடு. படித்ததும் கிழித்துவிடு என்றும் எழுதியிருக்கிறீர்களாம். அது வரியின் கடைசியில் இருந்தது. எனக்குத் தெரியாமல் போயிற்று.

மற்றபடி கடிதம் சுத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. 'மன்னித்துவிடு' என்பது எங்கேயும் இல்லை. சிவப்பு ஸ்கேலை வைத்து இரண்டு தடவை தேடினேன்.

உங்கள் தம்பியை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சிவப்பு நாளில் தள்ளிப் படுத்துக்கொண்டு, "பரவாயில்ல, உன் உடம்புதானே முக்கியம்" என்று சொன்ன மனிதர். அந்த வார்த்தையை நம்பி மூன்று வருடம் இருந்தேன். ஒரே உடம்பைப் பற்றி இரண்டு பேர் எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறீர்கள். எனக்குப் பார்வை போனதைவிட இது வலிக்கிறது. அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. அழுதேன். அழுது முடித்துவிட்டுக் கட்டத்தாளையும் உங்கள் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினேன்.

தெர்மாமீட்டர் ஒரு தடவை பொய் சொன்னது, ஒப்புக்கொள்கிறேன். அது காய்ச்சலால் சொன்ன பொய். அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது.

பதினான்காம் தேதி பார்க்கலாம்.


மார்ச் 1

உனக்கு,

திருப்தியா?

இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு பதில் சொன்னேன். என் கடிதத்தை நீயே படித்துக் காட்டினாய், ஒவ்வொரு வரியாக, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி. அவ்வளவு மெதுவாகப் படித்தால் மனிதருக்கு உயிர் போகும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. வேண்டுமென்றே செய்தாய்.

பதவி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை. அதைவிட மோசமாகச் செய்திருக்கிறார்கள். அதே நாற்காலி, ஆனால் பக்கத்தில் ஒரு சின்ன சிஸ்டர். என் மகள் வயதுகூட இருக்காது. நான் எழுதுகிற ஒவ்வொரு அட்டையிலும் அவள் கையெழுத்துப் போட வேண்டும். வரிசை வாசல் கேட் வரைக்கும் நிற்கிறது. நேற்று மூன்று பேர் காத்திருந்து சலித்து ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போனார்கள். அதில் ஒருத்தி நாலு மாதம் கழித்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தால், அந்தக் கணக்கை யார் தலையில் எழுதுவாய்?

தம்பி என் வீட்டுக்கு வருவதில்லை. போனை எடுப்பதில்லை. நான் உயிரைக் கொடுத்து வளர்த்தவனை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாய். இனி எடுத்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது?


மார்ச் 8

அண்ணி,

திருப்தியா என்று கேட்டீர்கள். ஆம்.

நல்ல மனசு உள்ளவள் இந்த இடத்தில் ஆறுதலாக நாலு வார்த்தை எழுதுவாள். எனக்கு அது வரவில்லை. உங்கள் கடிதத்தை நான் மெதுவாகப் படித்தது, அதைவிட வேகமாக என்னால் படிக்க முடியாததால். அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது, மறுக்க மாட்டேன்.

அந்த மூன்று பேரைப் பற்றி நீங்கள் எழுதியது என்னைக் குத்தியது. அது நியாயமான குத்து. வரிசையைச் சீக்கிரம் நகர்த்த இன்னொரு ஆளைப் போடச் சொல்லி கிளினிக்குக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்திருக்கிறது, அடுத்த மாதம் போடுகிறார்களாம். கேள்வியைக் குறைக்கச் சொல்லி எழுதவில்லை.

கிளினிக்கின் புதிய கேள்வித்தாள் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. முதலாளியிடம் கெஞ்சி அதன் புரூஃபை நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் எடுத்தேன். பழைய அட்டையில் 'ஆம்', 'இல்லை' என்று கட்டம் இருக்கும். இதில் கட்டமே கிடையாது. விசாரணைக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த யோசனை அது, ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று வெற்று வரி. வந்தவர் என்ன வார்த்தையில் சொல்கிறாரோ அதே வார்த்தையில் எழுத வேண்டும். சொல்லி முடிக்கும்வரை நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஓய்வு பெறும்வரை.

உங்கள் தம்பி உங்கள் வீட்டுக்கு வராததற்குக் காரணம், அவர் தினமும் இங்கே வருகிறார். மாடிப்படியில் உட்கார்ந்து, "நான் என்ன செஞ்சா நீ திரும்பி வருவே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினோராவது நாள், "ஆம்பளைக்கும் ஒரு கருத்தடை ஆபரேஷன் இருக்கு. கால் மணி நேரம்கூட ஆகாது. இத்தனை வருஷம் என் உடம்புல பாத்த வைத்தியத்தை உங்க உடம்புல ஒரு தடவை பாருங்க" என்றேன். எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் வந்து சரி என்றார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், உங்கள் கிளினிக்கில்தான். ஆபரேஷனுக்கு முன் உங்கள் நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார வேண்டும். சின்ன சிஸ்டரிடம் தள்ளிவிட முடியாது. கேட்பது நீங்கள், சரிபார்ப்பதுதான் அவள்.

எல்லாக் கேள்வியையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி நான் குழுவிடம் சொல்லிச் சேர்த்தது: 'இந்த முடிவை நீங்களே எடுத்தீர்களா, வேறு யாராவது உங்களுக்காக எடுத்தார்களா?' வேறு யாராவது என்று சொன்னால் அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதுவும், சொன்னது மெய் என்று நம்பினால்தான் சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் கீழே விதியாகவே அச்சாகியிருக்கிறது.

அவர், "நானேதான் எடுத்தேன்" என்பார். பொய்யா மெய்யா என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர் உலகத்தில் நீங்கள் ஒருத்திதான். பொய் என்று தெரிந்தும் அப்படியே எழுதினால், இரண்டாம் தடவையும் அட்டையில் பொய் எழுதியவர் ஆவீர்கள். பொய் என்று எழுதினால் அவர் திரும்பிப் போக வேண்டும், என் படியேற முடியாது. ஒருவேளை மெய்யாகவே அவர் தானாக எடுத்த முடிவாகவும் இருக்கலாம். அதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னை ஒரு தடவைகூட நீங்கள் இப்படிக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.